பாரணை இல்லாத விரதம்

“தப்புப் பண்ணிட்டேன் மேடம்” என்றுதான் என் அறைக்கு வருகிறவர்களில் பலர் பேச்சைத் தொடங்குகிறார்கள். யாரையும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். அக்கா மகள் கல்யாணத்தில் பால் பாயசம் குடித்திருப்பார்கள். பேரன் பிறந்தநாளுக்கு ஒரு துண்டு கேக் தின்றிருப்பார்கள். ராத்திரி பசி தாங்காமல் ஃபிரிட்ஜைத் திறந்து தயிர்சாதத்தை நின்றபடியே அள்ளிச் சாப்பிட்டிருப்பார்கள். சொல்லும்போது குரல் இறங்கிவிடும். எடை பார்க்கும் கருவியில் ஏறுமுன் வளையலையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி மேசையில் வைப்பார்கள். சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் திட்ட வேண்டும், அல்லது பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டில் எதைச் சொன்னாலும் பாவத்தை மன்னிக்கிறவரின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அந்த இடம் எனக்குரியது இல்லை.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, பிசிஓடி என்று வருகிறவர்களுக்கு டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, “டயட்டீஷியனையும் பாத்துட்டுப் போங்க” என்பார். வருகிறவர்கள் எதிர்பார்ப்பது ஒரு பட்டியல். எடை குறைக்கும் பட்டியல் எதையும் நான் எழுதித் தருவதில்லை. எடையை இலக்காக வைக்காமல், பசியையும் நிறைவையும் அவரவர் உடம்பிடமே கேட்டுப் பழகச் செய்யும் வழி ஒன்று உண்டு. ஈவ்லின் டிரிபோலி, எலீஸ் ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க உணவியலாளர்கள் 1995இல் ‘இன்டியூட்டிவ் ஈட்டிங்’ என்ற புத்தகத்தில் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். நான் போவது அந்த வழி. பேசும் முறைக்கு மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் என்று பெயர். அறிவுரை சொல்லாமல், மாறுவதற்கான காரணத்தை எதிரில் இருப்பவரே தன் வாயால் சொல்லும்படி பேசுவது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யச் செய்ய எனக்குள் வலுத்த கேள்வி தொழிலைப் பற்றியது அல்ல. இன்னொருவருடைய விருப்பத்தில் கைவைக்க எனக்கு என்ன உரிமை? அவர் நன்மைக்காகவே என்றாலும்?

விரதத்திலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் உணவைக் குறைத்துக்கொள்வது புதிய விஷயம் இல்லை. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர்களும், ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்களும், ரமலான் முழுக்க நோன்பு பிடிக்கிறவர்களும், தவக்காலத்தில் இறைச்சியைத் தொடாதவர்களும் என் எதிரில் உட்கார்கிறார்கள். அவர்களில் யாரும் விரதத்தைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தியதில்லை. பசித்திருந்ததைச் சொல்லும்போது முகத்தில் ஒரு நிமிர்வுகூட இருக்கும். அதே பெண், அதே வாயால், “டயட்டை விட்டுட்டேன் மேடம்” என்னும்போது குனிந்துவிடுகிறார்.

ஏன் என்று வெகுகாலம் யோசித்திருக்கிறேன். விரதத்துக்குப் பாரணை உண்டு. ஏகாதசி முடிந்தால் துவாதசி விடியும். அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயுமாக இலை போட்டு விரதத்தை முடிப்பார்கள். நோன்புக்கு மாலை பாங்கு உண்டு, பேரீச்சம்பழமும் கஞ்சியும் உண்டு. மாதக் கடைசியில் பெருநாள் உண்டு. தவக்காலத்தின் எல்லையில் உயிர்ப்பு ஞாயிறு நிற்கிறது. சாப்பிடுவதே அங்கே நிறைவுச் சடங்கு. டயட்டுக்குப் பாரணை கிடையாது. அது ஒரு நாள் தவறும், அவ்வளவுதான்; அதற்கு முடிவு என்பதே தோல்விதான். விரதம் இருக்கிறவர் இடுப்பளவைப் பார்த்து இருப்பதில்லை. அவர் மனம் வேறு ஒன்றின் மேல் இருக்கிறது. உடல்நிலை சரியில்லாதவருக்கு இந்த மரபுகளில் விலக்கு உண்டு; ரமலான் நோன்பில் பயணத்தில் இருப்பவருக்கும் உண்டு. எடை குறைப்பு என்ற புதிய சமயத்தில் விலக்குகள் இல்லை. பிள்ளை பெற்று ஆறு மாதமான பெண்கூட வயிறு உள்ளே போகவில்லை என்று என்னிடம் அழுகிறார்.

இதையெல்லாம் மன உறுதியின் குறை என்று சொல்கிறவர்களுக்கு நான் மினசோட்டாவைச் சொல்வேன். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ஐரோப்பா பட்டினியில் கிடந்தது. பட்டினி கிடந்தவர்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்ள, ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனையைத் தொடங்கினார். அதற்கு உடம்பைக் கொடுத்தவர்கள் 36 இளைஞர்கள். மனசாட்சிப்படி ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று போருக்குப் போக மறுத்தவர்கள். பலர் போரையே ஏற்காத கிறிஸ்தவச் சபைகளைச் சேர்ந்தவர்கள். கொல்ல மறுத்தோம், பசித்தவனுக்காவது உதவுவோம் என்று தாமாக வந்தவர்கள். ஆறு மாதம் அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்கு 1,600 கலோரிக்குச் சற்றுக் குறைவு: பிரெட், உருளைக்கிழங்கு, டர்னிப், மக்ரோனி. உடல் எடையில் கால் பங்கு போயிற்று. அதைவிட முக்கியம், மனம் போன போக்கு. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை நாவல்போலப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சிலர் விதியை மீறி ரகசியமாகச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்வில் நொறுங்கினார்கள். சோதனை முடிந்து சாப்பாடு தாராளமாகக் கிடைத்தபோதும் வயிறு நிறைந்ததை மனம் ஒப்புக்கொள்ள வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

ஒரு நாடே போருக்குக் கிளம்பியபோது தனியாக நின்று மாட்டேன் என்று சொன்ன மனிதர்கள் அவர்கள். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்? நம் ஊரில் கைக்குக் கை மாறும் டயட் பட்டியல்களின் தலைப்பில் 1,200 கலோரி என்று இருக்கும். மினசோட்டாவில் இருந்தவர்கள் வளர்ந்த ஆண்கள், வாரம் 22 மைல் நடக்க வைக்கப்பட்டவர்கள். நேரடியாக ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும், ராத்திரி தயிர்சாதத்தை நின்றபடியே சாப்பிட்ட பெண்ணிடம் எனக்குத் தெரிவது பாவம் அல்ல. பட்டினி கிடந்த உடம்பு எல்லா உடம்பும் செய்வதைச் செய்திருக்கிறது.

நான் வளர்ந்த வீட்டில் பாவம் வேறிடத்தில் இருந்தது. அப்பா சன்மார்க்க அன்பர். தைப்பூசத்துக்கு எங்களை வடலூருக்கு அழைத்துப் போவார். சோதி தரிசனத்துக்குக் கூட்டம் முண்டும். அப்பா எங்களை முதலில் தருமச்சாலைக்குத்தான் கூட்டிப் போவார். வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வரிசையில் நிற்பவரிடம் யார், என்ன சாதி, எதற்குச் சாப்பிடுகிறாய் என்று அங்கே கேட்பதில்லை. பசிக்கிறது என்பது போதும். பசி வந்தால் அறிவு மங்குவதையும் பொறிகள் தளர்வதையும் மனம் குலைவதையும் வள்ளலார் ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தில் ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டியிருக்கிறார். மினசோட்டா அறிக்கையைப் படித்தபோது எனக்கு அந்தப் பக்கங்கள்தான் நினைவுக்கு வந்தன.

அதே வள்ளலார் பசித்திருத்தலையும் சாதனையாகச் சொன்னவர். சின்ன வயதில் இது எனக்குப் புரியாத முரணாக இருந்தது. அப்பாவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அவர் பூசம்தோறும் ஒரு வேளைதான் சாப்பிடுவார். அன்றைக்கு எங்கள் தட்டில் எப்போதையும்விட அதிகமாக விழும். “அவளுக்கு இன்னொரு கரண்டி போடு” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். தன் பசியை அவர் தானே தேர்ந்துகொண்டார். எங்கள் பசியை அவர் தேர்ந்துகொள்ளவில்லை. தவம் தனக்கு, கருணை பிறருக்கு. இதை மாற்றிப்போட்டு, தான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து பிறருக்குத் தவத்தைச் சீட்டில் எழுதித் தருவது என் தொழிலில் வெகு இயல்பாக நடக்கிறது.

பேசும் முறைக்கு வருகிறேன். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982இல் நார்வேயில் பெர்கன் நகருக்கு அருகே ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தார். குடிநோயாளிகளோடு எப்படிப் பேசுவார் என்று அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் அவரை நடித்துக் காட்டச் சொன்னார்கள். நடுநடுவே நிறுத்தினார்கள். இப்போது ஏன் இதைக் கேட்டீர்கள்? அவர் சொன்னதில் அதை விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் திருப்பிச் சொன்னீர்கள்? பதில் சொல்லச் சொல்லத்தான் தான் செய்வது என்னவென்று மில்லருக்கே தெளிவாயிற்று. 1983இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக் சேர்ந்துகொண்டார்; இருவரும் எழுதிய புத்தகம் 1991இல் வந்தது. குடிக்கிறவரை நேருக்கு நேர் மோதி உடைத்தால்தான் திருந்துவார் என்று பலர் நம்பிய காலம் அது. மில்லர் கண்டது வேறு. மாறு என்று ஒருவரை எவ்வளவு அழுத்துகிறோமோ, மாறாமல் இருப்பதற்கான காரணங்களை அவர் அவ்வளவு உரக்கச் சொல்வார். சொல்லச் சொல்ல அதையே நம்பிவிடுவார். நல்லெண்ணம் உள்ளவருக்குள் எழும் ‘இதோ நான் சரிசெய்கிறேன்’ என்ற துடிப்பை முதலில் அடக்கச் சொல்கிறது இந்த முறை.

செயலில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். சாலையோரம் காலையில் இட்லிக் கடை போடும் ஒரு அம்மா. சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“சோத்தக் கொறைக்கச் சொன்னாங்க மேடம். ரெண்டு சப்பாத்தி சாப்பிடச் சொன்னாங்க. சாப்புடுறேன். சாப்பிட்டு அரை மணி நேரத்துல சோத்துப் பானையத் தொறந்து பாக்குறேன்.”

“சப்பாத்தி வயித்துக்குப் போயிடுது. ஆனா சாப்பிட்ட மாதிரி இல்ல.”

“அதேதான். நாலு மணிக்கு எந்திரிச்சு அடுப்புப் பத்த வெக்கிறேன். ஊருக்கெல்லாம் இட்லி குடுத்து முடிச்சு, பதினோரு மணிக்குத்தான் எனக்குன்னு ஒரு காப்பி. மத்தியானம் ஒக்காந்தேன்னா தட்டு தட்டா எறங்குது. எனக்கே அசிங்கமா இருக்கு.”

“நாலு மணிலேருந்து பதினோரு மணி வரைக்கும் வெறும் வயிறு.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “அதனாலதான் அப்படி எறங்குதோ?” என்றார், என்னைப் பார்த்து அல்ல. பிறகு, “மாத்தர மட்டும் ஏழு மணிக்குப் போட்டுருவேன். பத்து மணிக்கெல்லாம் கை வெடவெடன்னு வரும்” என்றார்.

இங்கேதான் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டிய இடம். “அந்த மாத்திரையப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமாம்மா?” என்று கேட்டேன். சொல்லுங்க என்றார். கிளைமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும், அந்த நடுக்கம் அதனால்தான் இருக்கும், அதற்குப் பிறகு வரும் பசிக்கு வரம்பு இருக்காது, டாக்டரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்றேன். “இதக் கேட்டதும் ஒங்களுக்கு என்ன தோணுது?” என்று நிறுத்தினேன். அவர் யோசித்தார். “மொத ஈடு சாமிக்கு வெப்பேன். ரெண்டாவது ஈட்டுல எனக்கு எடுத்து வெச்சிட்டு அப்புறம் யாவாரம் பாத்தா என்ன?” என்றார்.

பட்டியல் எழுதியிருந்தால் ‘காலை 7.30: இட்லி 3, சாம்பார் 1 கப்’ என்று எழுதியிருப்பேன். அந்தச் சீட்டு அவர் கடையின் கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடந்திருக்கும். சாமிக்கு அடுத்த ஈடு தனக்கு என்று தன்னை வரிசையில் நிறுத்திக்கொண்டது அவராகச் செய்தது. அந்த இடத்தை என்னால் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது.

சம்யுத்த நிகாயத்தில் எனக்குப் பிடித்த ஒரு சிறு சூத்திரம் உண்டு. கோசல நாட்டு அரசன் பசேனதி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மூச்சு வாங்கியபடி புத்தரைப் பார்க்க வருகிறான். புத்தர் கண்டிக்கவில்லை. விழிப்போடும் அளவறிந்தும் உண்பவனைப் பற்றி ஒரு பாட்டு மட்டும் சொல்கிறார். அரசன்தான் பக்கத்தில் நின்ற சுதஸ்ஸனன் என்ற இளைஞனை அதை மனப்பாடம் செய்யச் சொல்லி, தான் சாப்பிடும்போதெல்லாம் சொல்லும்படி நாளுக்கு நூறு காசு ஏற்படுத்துகிறான். மெல்ல மெல்ல அவன் உணவு ஒரு நாழி அரிசிச் சோற்றளவில் வந்து நிற்கிறது. உடம்பும் மெலிகிறது. என் வழிக்கு இந்தக் கதை முழுக்க ஒத்து வராது. அளவு குறைவதும் உடல் மெலிவதும்தான் இதில் வெற்றி. இருந்தாலும் ஏற்பாடு யாருடையது என்று பாருங்கள். ஆளைப் பிடித்தது, கூலி வைத்தது, நேரம் குறித்தது எல்லாம் அரசன்.

ஆனால் புத்தர் அந்தப் பாட்டைச் சும்மா சொன்னாரா? அரசன் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்தது? என் கேள்வியின் முள் இங்கேதான் இருக்கிறது.

இந்தப் பேச்சுமுறை நடுநிலையானது அல்ல. எதிரில் இருப்பவர் பத்து விஷயம் சொல்கிறார். மாற்றத்தின் பக்கம் சாய்கிற இரண்டை நான் எடுத்துத் திருப்பிச் சொல்கிறேன். அவர் அவற்றை மேலும் பேசுகிறார். பேசப் பேச அவர் மனம் அந்தப் பக்கம் நகர்கிறது. ‘0 முதல் 10 வரைக்கும் இது ஒங்களுக்கு எவ்வளவு முக்கியம்?’ என்று கேட்கிறேன். 4 என்றால், ‘ஏன் 9 இல்ல?’ என்று கேட்க மாட்டேன். கேட்டால் சாக்குகள் வரும். ‘ஏன் 1 இல்ல, 4?’ என்று கேட்பேன், காரணங்கள் வரும். நகர்வது அவர் மனம், நகர்த்துவது யார்? இதே திறமையை வைத்து ஒருவருக்குத் தேவையில்லாத பொருளையும் விற்கலாம். மில்லரும் ரோல்னிக்கும் இதை அறிந்தே இருந்தார்கள். 2013இல் வந்த மூன்றாம் பதிப்பில், இந்த முறையின் உயிர் என்று அவர்கள் சொல்லும் பண்புகளில் கருணையைப் புதிதாகச் சேர்த்தார்கள். மற்றவை எல்லாம் இருந்தும், பேசுகிறவர் தன் லாபத்துக்காகப் பேசலாம் என்பதுதான் காரணம். கருவிகளை எல்லாம் செய்து முடித்து முப்பது ஆண்டு கழித்து, எதிரில் இருப்பவரின் நன்மை முன்னால் நிற்காவிட்டால் இது வெறும் சாமர்த்தியம் என்று எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். அறிவியல் புத்தகம் ஒன்றில் வந்தது என்றாலும் இதைச் சமய உணர்வுள்ள செயலாகவே நினைக்கிறேன்.

ஆனால் கருணை மட்டும் முள்ளை எடுத்துவிடவில்லை. நன்மை எது என்று யார் சொல்வது?

ஒரு பெண், வேலைக்குப் போகிறவள், அம்மாவோடு வந்தாள். “ஜாதகம் பொருந்திருக்கு மேடம். பொண்ணு பாக்க வர்றதுக்குள்ள பத்துக் கிலோ கொறையணும்” என்றார் அம்மா. அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினேன். பள்ளிக்கூட நாளிலிருந்து டயட். கீட்டோ, பவுடர், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியது, ஓட்ஸ். ஒவ்வொன்றுக்கும் பிறகு எடை திரும்பி வந்தது, கூடவே கொஞ்சம் சேர்த்துக்கொண்டும் வந்தது.

“அம்மாவுக்காக இல்ல மேம். எனக்கே கொறையணும். ஆனா ஒரு நாளாவது சாப்பாட்டப் பத்தியே நெனைக்காம இருக்கணும்னு இருக்கு. அந்த மாதிரி இருந்து எத்தனையோ வருஷமாச்சு.”

இரண்டும் அவள் விருப்பம்தான். எடை குறைய வேண்டும் என்பதும், நினைப்பிலிருந்து விடுபட வேண்டும் என்பதும். இரண்டாவதைத் திருப்பிச் சொன்னால் பேச்சு என் வழிக்கு வரும். முதலாவது அறையில் கேட்பாரில்லாமல் தேய்ந்துபோகும். நான் அப்படிச் செய்ததை அவள் உணரக்கூட மாட்டாள்; தன் முடிவு என்றே நம்பிக்கொண்டு போவாள். எடை குறைக்கச் சொல்லும் ஆலோசகர் இதையே எதிர்ப்பக்கமாகச் செய்தால் நான் கோபப்படுவேன். டயட் வேண்டாம் என்கிற நானும் ஓர் இடத்தை மனத்தில் குறித்து வைத்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் இடம் நல்ல இடம் என்று நான் நம்புவதால் அது மறைவான திருப்பல் ஆகாமல் போய்விடுமா?

ஆகவே மறைப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். “நீங்க ரெண்டு சொன்னீங்க. கொறையணும்னும் சொன்னீங்க, நெனப்பு விடணும்னும் சொன்னீங்க” என்று இரண்டையும் அவள் முன் வைத்தேன். “நான் எடை கொறைக்கிற திட்டம் போட்டுத் தர்றதில்ல. ஏன்னு சொல்லட்டுமா? கேட்டுட்டு நீங்க வேற எடத்துக்குப் போறதுன்னாலும் எனக்கு வருத்தமில்ல.” அவள் தலையாட்டினாள். டயட்டில் குறைத்த எடையில் பெரும்பகுதி பெரும்பாலானவர்களுக்குச் சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதைச் சொன்னேன். பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதைச் சொன்னேன். என் பக்கத்துக்கு வசதியானதை மட்டும் சொல்லவும் கூடாது. பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வில், சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் திரவ உணவு கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் அது 36 சதவீதம். சர்க்கரை நோயோடு வருகிறவர்கள் கேட்டால் இதையும் சொல்லியே தீர வேண்டும். சொல்கிறேன். எனக்குப் பிடிக்காத உண்மையை என் மேசை டிராயரில் பூட்டி வைத்துக்கொண்டு, முடிவு உங்களுடையது என்று ஒருவரிடம் சொல்வது பொய்.

“அப்ப நான் இப்படியே இருக்கணுமா மேம்?” என்று கேட்டாள்.

“இப்படியே இருந்துடுவோமோங்கறதுதான் பயம்.”

“இல்ல. அம்மா என்னைப் பாக்குற பார்வை. அதுதான்.”

அதைப் பற்றி நிறையப் பேசினோம். கடைசியில் அவள் எடை குறைக்கும் மையம் ஒன்றில்தான் சேர்ந்தாள். இப்போதும் எப்போதாவது எனக்கு போன் செய்வாள். பவுடர் குடிக்கிற நாளில் மத்தியானம் என்ன சாப்பிடலாம், தலை சுற்றினால் என்ன செய்வது என்று கேட்பாள். தெரிந்ததைச் சொல்வேன். அவள் என் வழியில் வராததற்காக என் குரலில் ஒரு சுருதி குறைந்தால், முதல் நாள் நான் அவளுக்குக் கொடுத்ததாகச் சொன்ன சுதந்திரம் வெறும் பேச்சாகிவிடும்.

கீதையின் 18ஆம் அத்தியாயத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அத்தனையும் சொல்லி முடித்துவிட்டுக் கிருஷ்ணன் முடிவை அர்ஜுனனிடமே விடுகிறான். அதற்கு மூன்று சுலோகம் தள்ளி, தன்னைச் சரணடையும்படி கேட்கிறான். விட்டுக்கொடுத்த சுதந்திரத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டான் என்று கல்லூரி நாளில் நினைத்திருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தன் விருப்பம் என்ன என்பதை அவன் ஒளிக்கவில்லை. நீ தீர்மானித்துக்கொள் என்றும் சொன்னான். நான் விரும்புவது இது என்றும் சொன்னான். இரண்டையும் ஒரே ஆளிடம் ஒளிவில்லாமல் சொல்ல முடிகிறது. விருப்பமே இல்லாதவன்போல உட்கார்ந்திருப்பது மரியாதை என்று நினைக்கிறோம். அக்கறை உள்ளவருக்கு விருப்பம் இல்லாமல் இருக்காது; அதை வெளியே வைத்துவிட்டால் எதிரில் இருப்பவர் அதைத் தள்ளவாவது முடியும்.

எங்கள் மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவில் இருக்கும் டாக்டர் ஒருவர் என்னிடம் வாதாடுவார். “உங்க பேச்செல்லாம் சாவகாசமான நோய்க்கு சரிம்மா. டயாலிசிஸ் பேஷன்ட் இளநீ குடிச்சா? அங்கயும் சுதந்திரமா?” அவர் கேட்பது நியாயமான கேள்வி. பசியைக் கேள் என்று நான் சொல்லும் உடம்பு, பொட்டாசியம் ஏறுவதை நோயாளிக்குச் சொல்லாது. நாக்கு இளநீரைக் கேட்கும். இதயத் துடிப்பு தாறுமாறாகும்வரை உடம்பு எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் இருக்கலாம். அங்கே எடையை விட்டு விலகி நிற்பதுபோல நான் விலகி நிற்பதில்லை. வேண்டாம் என்று சொல்கிறேன், ஏன் என்று சொல்கிறேன், அடுத்த முறையும் சொல்கிறேன்.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவர், தென்னந்தோப்பு உள்ளவர், தோப்புக்குப் போனால் ஒரு இளநீராவது குடிக்காமல் வருவதில்லை. வீட்டில் எல்லோரும் திட்டியதால் முன்பு யாருக்கும் சொல்லாமல் குடித்துக்கொண்டிருந்தார். “அம்மா, என் கையால வெச்ச மரம். அது குடுக்குறத வேணாங்க எனக்கு மனசு வரல” என்றார் என்னிடம்.

“அந்த மரத்த மறுக்குறது மகன மறுக்குற மாதிரி இருக்கு.”

“ஆமாம்மா.”

“நான் நெனைக்கிறதச் சொல்லட்டுங்களா ஐயா? ஒங்க ரத்தத்துல பொட்டாசியம் இருக்குற அளவுக்கு, ஒரு இளநீ கூட ஒங்க நெஞ்ச நிறுத்திடும்னு நான் பயப்படுறேன். குடிக்காதீங்கன்னுதான் சொல்வேன். முடிவு நீங்கதான் எடுக்கணும். ஆனா குடிச்சா எங்கிட்டயும் டாக்டர்கிட்டயும் மறைக்காதீங்க.”

முழுசாக நிறுத்திவிடவில்லை அவர். குறைத்திருக்கிறார். குடித்த வாரம் வந்ததும் முதலில் அதைச் சொல்கிறார். “தப்புப் பண்ணிட்டேன்” என்று அல்ல, “வெள்ளிக்கிழம பாதி குடிச்சேன்” என்று. அன்றைக்கு டயாலிசிஸுக்கு முன் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், அந்த அளவை வைத்து டாக்டர் டயாலிசிஸ் திரவத்தின் பொட்டாசியத்தை மாற்றுகிறார், வேறு என்ன குறைக்கலாம் என்று பெரியவரும் நானும் உட்கார்ந்து பேசுகிறோம். இந்த வாரம் உருளைக்கிழங்கையும் வாழைப்பழத்தையும் விட்டுவிடுவதாக அவரே சொல்லியிருக்கிறார்.